தெளிகருவி யாருடையது?

போன மாதம் பதுளையிலிருந்து இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இருவரும் புதிதாக நியமனம் பெற்ற விவசாயப் போதனாசிரியர்கள். ஹல்துமுல்லை வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து முழங்கால் போனபிறகு, மருத்துவ ஓய்வில் நான் சேவையை விட்டு இரண்டு வருடமாகிறது. எனக்கு வயது முப்பத்தெட்டு. "ஓய்வுபெற்ற அதிகாரி" என்று அவர்கள் கடிதத்தில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் யாருக்கோ வந்த கடிதம் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் கையில் எங்கள் பழைய கள அறிக்கைப் படிவம் இருந்தது. இரண்டு பக்கப் படிவத்தை ஒரு பக்கமாக்கப் போகிறார்களாம். ஒன்பதாவது கேள்வியில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்: "தெளிகருவி யாருடையது? கடைசியாக அதில் ஊற்றப்பட்டது என்ன?"

"இப்ப எல்லா விவசாயக் குழுவுக்கும் சொந்தமா மருந்து டேங்கி இருக்கேக்கா. இந்தக் கேள்விய எடுத்துடலாமா? இது எதுக்கு வந்துச்சுனு ஆபீசுல ஒருத்தருக்கும் தெரியல" என்றாள் அவர்களில் ஒருத்தி.

எனக்குத் தெரியும். எழுதித் தருகிறேன் என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து கிடையாது, கட்டைவிரல்தான். தோட்டப் பள்ளி, பிறகு பண்டாரவளை, பிறகு இரண்டு வருட விவசாயப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாகப் படித்தேன், அது எனக்கே தெரிந்திருந்தது, அதுதான் பிரச்சினை. தொண்ணூறுகளின் நடுவில் நியமனக் கடிதம் வந்தபோது, தோட்டத்து லயத்தில் நான் பிறந்த வரிசை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே எனக்கு வேலை. ஹல்துமுல்லைக்கு மேலே, தோட்டம் கைவிட்ட ஒரு தேயிலை மலையில், வேலையிலிருந்து நின்றவர்கள் பாத்தி கட்டி மரக்கறி போட்டிருந்தார்கள். போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு. அந்த மலை என் பொறுப்பு.

அப்போது அங்கே மருந்து அடிப்பது எப்படியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கிழமைக்கு இரண்டு தடவை. பூச்சியைக் கண்டு அல்ல, கிழமையைக் கண்டு. இரண்டு மூன்று போத்தல்களை ஒன்றாகக் கலந்து அடிப்பவர்தான் கெட்டிக்காரர். அரசாங்கம் கடும் விஷங்கள் சிலவற்றைத் தடை செய்திருந்தது. சுற்றறிக்கை மூன்று மொழியிலும் வந்தது, சுவரில் ஒட்டினோம். ஆனால் தடை ஒரு போத்தலைத்தான் எடுத்துவிடும். அந்த இடத்தில் விவசாயி கையில் எதையாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பண்டாரவளை மருந்துக்கடையில் வேறு போத்தல் கொடுப்பார்கள். எங்கள் வேலை அந்த இடத்தை நிரப்புவது. கிழமைக்கு ஒருநாள் மலையிலேயே வகுப்பு வைத்து, இலையைப் புரட்டி எண்ணக் கற்றுக்கொடுத்து, எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால் மட்டும், அதுவும் முதலில் வேப்பங்கொட்டைச் சாறு அடிப்பது.

எனக்கு மேலதிகாரி தில்லையம்பலம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், உதவிப் பணிப்பாளர். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு கைக்கண்ணாடி தொங்கும். வந்தவுடன் யாரோடும் பேசமாட்டார். காற்சட்டையின் கீழ்ப்பகுதியை இரண்டு மடிப்பு மடித்து, பாத்திக்குள் குந்தி, செடியின் அடி இலையிலிருந்து மேலே புரட்டிக்கொண்டு போவார். பாத்தியின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நடந்து பத்துச் செடி. ஒவ்வொன்றிலும் மூன்று இலை. எண்ணாமல் அவர் முன்னால் "அதிகம்", "குறைவு" என்று சொல்ல முடியாது.

"அதிகமெண்டா எத்தினை?" என்பார். நான் தடுமாறினால், "எண்ணிப்போட்டு வாரும் பிள்ளை, நான் நிக்கிறன்" என்று உண்மையாகவே நிற்பார்.

அவருக்கு இன்னொரு வழக்கம். எந்த அறிக்கையும் முதலில் பென்சிலால் எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து, திரும்பப் படித்து, அதன்மேல் பேனாவால் எழுத வேண்டும். "பென்சில்ல பொய் எழுதினாலும் காரியமில்லை. மூண்டு நாளைக்குப் பிறகு பேனாவால எழுதேக்கை கை நடுங்கும்" என்று சொல்வார். நான் அவருக்குத் தெரியாமல் முதலிலேயே பேனாவால் எழுதிவிட்டு, பிறகு மெல்லிய பென்சில் கோட்டை அதன்மேல் இழுத்து வைப்பேன். அவ்வளவு நம்பிக்கை என் மேல் எனக்கு.

இலைக்குள் புகுந்து வெள்ளைக் கோடு கிழிக்கும் ஒரு சிறு ஈ அந்த வருடங்களில் மலைநாட்டுக்குப் புதிதாக வந்திருந்தது. மருந்துக்கு அது சாகவில்லை. அதைத் தின்னும் குளவிகள்தான் செத்தன. அடிக்க அடிக்கக் கூடியது. இதைக் காட்டத்தான் அந்தப் பருவம் பதினொரு பேரைச் சேர்த்தோம். அவர்கள் ஒரு பருவம் முழுக்கக் கடை மருந்து அடிக்கக்கூடாது. மஞ்சள் பொலித்தீனில் கிரீஸ் பூசிக் கம்பில் கட்டி ஈயைப் பிடிக்க வேண்டும். எண்ண வேண்டும். பொறுக்க வேண்டும்.

குழுவின் தலைவி மேரியக்கா. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். "நேத்து வரைக்கும் மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச புள்ள, இன்னிக்கு மிஸ்ஸு. வாங்க மிஸ், சாக்குல குந்துங்க" என்று வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைப்பார்.

சுப்பையா அண்ணன் சிரிக்கமாட்டார். மலையிலேயே பெரிய பாத்தி அவருடையது. "மிஸ், நாங்க எண்ணிக்கிட்டு இருக்கப்போ பூச்சி தின்னுக்கிட்டு இருக்கும். போஞ்சி போச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

நட்டம் வந்தால் திணைக்களம் ஈடு தராது என்று தெளிவாகச் சொல்லிக் கையொப்பம் வாங்கும்படி சேர் சொல்லியிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. எழுந்து நின்று, "நான் பொறுப்பு" என்றேன். அப்பாவும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கும் ஆள். பதினெட்டு வருடமாக முதுகில் டேங்கி. வேலைக்குப் போய்வந்ததும் மேலே வந்து, என் வகுப்பின் ஓரத்தில் நிற்பார். நான் பேசுவது விளங்கியதோ இல்லையோ, எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறாவது கிழமை எண்ணிக்கை ஏறியது. மேரியக்காவின் பாத்தியில்தான் அதிகம். அடி இலைகளில் கோடில்லாத இலை இல்லை. வேப்பங்கொட்டையைப் பிபிலைப் பக்கமிருந்து வரவழைத்து, இடித்து, ஊறவைத்து, துணியில் வடித்து, சவர்க்காரத் தூள் போட்டுக் கலக்கினோம். காலையில் அடிக்கப் போனால் குழுவின் டேங்கி காற்று அடிக்கவில்லை. உள்ளே வாஷர் தேய்ந்திருந்தது. வடித்த சாறு அன்றைக்கே தெளித்தாக வேண்டும், வைத்திருந்தால் வீணாகிவிடும்.

அப்பா அன்று விடுமுறையில் நின்றார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனவர் அரை மணி நேரத்தில் ஒரு டேங்கியோடு வந்தார். தோட்டத்து டேங்கி. "நல்லா கழுவிட்டேம்மா. ஓடையில மூணு தண்ணி விட்டேன்" என்றார்.

தேயிலை மலையில் மூன்று தண்ணீர் என்பது வழக்கம். ஊற்றியது வெளியே போவதற்காக அல்ல, துவாரம் அடைக்காமல் இருப்பதற்காக. நாளைக்கும் அதே மருந்துதான் ஊற்றப் போகிறார்கள், மீதி இருந்தால் யாருக்கு என்ன? பதினெட்டு வருடத்தில் அந்த டேங்கிக்கு வேறு வேலை இருந்ததில்லை.

அதன் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. களை மருந்துக்கான டேங்கி என்பதற்காகத் தோட்டத்தில் போட்ட அடையாளம். நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. அப்பா எனக்காக ஒன்று கொண்டுவந்தார் என்ற பெருமையில், அதை வாசிக்கவில்லை.

மேல் பாத்தியிலிருந்து கீழ்நோக்கி ஆறு டேங்கி அடித்தோம். மேரியக்காவின் பாத்திகள் முடிந்தன. மற்றவர்களுக்கு அடுத்த கிழமை என்று பிரிந்தோம்.

மூன்றாம் நாள் காலை மேரியக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. "புள்ள, வந்து பாரு" என்றார். மிஸ் என்று சொல்லவில்லை.

மேல் பாத்திகளில் போஞ்சிக் கொடி, கம்பைச் சுற்றாமல் தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு நின்றது. நுனிகள் கொக்கி போல வளைந்திருந்தன. இலைகள் கிண்ணம் போல் குவிந்திருந்தன. பாதையிலிருந்து பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. நான் போவதற்கு முன்பே எட்டுப் பேர் அங்கே நின்றார்கள்.

"வேப்பங்கொட்ட கருக்கிருச்சு" என்றார் சுப்பையா அண்ணன். "இன்னிக்கு மேரிக்கு, அடுத்த கெழம எனக்கு. வெள்ளிக்கெழம மருந்துக்கட வேன் வருது. நான் சொல்லி வச்சிட்டேன். யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க." என்னைப் பார்த்து, "பொறுப்புன்னீங்களே மிஸ்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சேருக்குத் தந்தி அடிக்காத குறையாகச் செய்தி அனுப்பினேன். மறுநாள் பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்தார். யாரோடும் பேசாமல் காற்சட்டையை மடித்தார். குந்தினார். நான் பக்கத்தில் குந்தினேன்.

போஞ்சியை அவர் முதலில் பார்க்கவில்லை. வரப்பைப் பார்த்தார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. இந்தப் புல்லு எப்பிடி நிக்குது?"

"நல்லா நிக்குது சேர்."

"பக்கத்தில உந்த அகண்ட இலைப் பூண்டு?"

அது போஞ்சியைப் போலவே முறுக்கிக் கிடந்தது.

"வேம்புக்குப் புல்லும் பூண்டும் ஒண்டுதான். ஆள் பாத்து அடிக்கிறது வேற சாமான்" என்று எழுந்தார். "எந்த டாங்கி எந்த வரிசை எண்டு தெரியுமே?"

தெரியும். அவர் பழக்கியபடி எழுதி வைத்திருந்தேன். வரிசை வரிசையாக எண்ணினோம். முதல் டேங்கி அடித்த வரிசைகளில் ஒரு செடி தப்பவில்லை. இரண்டாவதில் பாதிக்கு மேல். மூன்றாவதில் அங்கொன்று இங்கொன்று. நாலாவதிலிருந்து கீழே செடிகள் பச்சையாக, நேராக, பூ விட்டு நின்றன. கோடு கிழித்த இலைகளுக்கு மேலே புது இலை சுத்தமாக வந்திருந்தது. வேம்பு வேலை செய்திருந்தது. ஆனால் அதைப் பாதையிலிருந்து யாரும் பார்க்க முடியாது. பாதையிலிருந்து தெரிந்தது மேல் பாத்திதான்.

சேர் கைக்கண்ணாடியைச் சட்டைக்குள் போட்டார்.

"களைநாசினி கிடந்த டாங்கி. முதல் மூண்டு டாங்கியோட கழுவுப்பட்டுப் போட்டுது. ஆரின்ரை டாங்கி?"

"இரவல் சேர்."

"ஆரிட்டை?"

நான் லயத்துப் பக்கம் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே தெரிந்த லயத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

"பென்சில்ல எழுதும். ஆரிட்டை எண்டு இல்லாட்டி அது அறிக்கை இல்லை, சாட்டு. சனம் நம்பாது, நானும் நம்பமாட்டன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வாறன். அதுக்குள்ள பேனாவால எழுதி வையும்" என்று சொல்லி மடித்த காற்சட்டையை இறக்கிவிட்டுப் போனார்.

அன்று மாலையே எழுதினேன். வேகமாக எழுதினேன், ஒரு சொல் வரும்வரைக்கும். "தெளிகருவி" என்று எழுதி நின்றேன். பிறகு, "என் தகப்பனாரால் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது" என்று பென்சிலால் எழுதினேன். பென்சில் என்பதால் எழுத முடிந்தது.

தோட்டத்துச் சாமான் ஒன்று வேலை நேரத்துக்கு வெளியே தோட்டத்தை விட்டுப் போனால் அது களவு. அதற்கு முந்தின வருடம்தான் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோன ஒருவரின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டியிருந்தார்கள். பேர் வெட்டினால் வேலை இல்லை, வேலைக்குப் பேர் இல்லாத வீட்டுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. எங்கள் வீட்டில் பேர் இருந்தது அப்பாவுக்கு மட்டும். ஓய்வுக்கு அவருக்குப் பதினொரு மாதம்.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது.

"மூணு தண்ணி விட்டேம்மா."

"தெரியும்ப்பா. அது மூணு தண்ணிக்குப் போகாது."

"பதினெட்டு வருசமா அப்படித்தானே கழுவுறோம்." ஊசியை வாரில் குத்தி வைத்தார். "எழுதித்தான் ஆகணுமா? பதினோரு மாசந்தாம்மா. யாரோ குடுத்தாங்கன்னு எழுதேன். பெரிய படிப்புப் படிச்சவ, உனக்கு ஒரு வார்த்த தெரியாமலா இருக்கும்?"

அது திட்டு அல்ல. உண்மையாகவே நம்பிக் கேட்டார். படித்தவர்களுக்கு இப்படியான நேரத்தில் ஒரு வார்த்தை கைவசம் இருக்கும் என்று நினைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார் போல.

வார்த்தை எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த நாள் முழுவதும் அழி றப்பரோடுதான் இருந்தேன். "குழு உறுப்பினர் ஒருவரால்" என்று எழுதினேன். அது மேரியக்காவின் தலையில் விழும். அழித்தேன். "அறியப்படாத ஒரு தெளிகருவி" என்று எழுதினேன். அதை வாசித்தால் சுப்பையா அண்ணன் சிரிப்பார், முதல் தடவையாக. வெள்ளிக்கிழமை வேன் வரும். பதினொரு பேரும் வரிசையில் நிற்பார்கள். அதற்குப் பிறகு அந்த மலையில் வேம்பு என்ற சொல்லை யாராலும் எடுக்க முடியாது. நான் மட்டுமல்ல, எனக்குப் பின்னால் வருகிறவர்களாலும். அழித்தேன். தாள் அந்த இடத்தில் மெலிந்து ஓட்டை விழப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன், தோட்டத்து மருந்து அறைப் பக்கம் போனேன். டேங்கிகள் வெளியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெள்ளை எழுத்து எல்லாவற்றிலும் இருந்தது. அங்கே நின்றுதான், என் அறிக்கையில் ஒரு வரி குறைவு என்று விளங்கியது. அப்பாவை எழுதியிருந்தேன். என்னை எழுதவில்லை. அங்கேயே மதில்மேல் தாளை வைத்து, பேனாவை எடுத்தேன். கை நடுங்கியது. சேர் சொன்னது சரி.

கூட்டத்துக்குப் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். கீழே பாதையில் கடை வேன் வந்து நின்றது. அப்பா வழக்கமான இடத்தில், ஓரத்தில் நின்றார். சேர் ஒரு கல்மேல் உட்கார்ந்து, "வாசியும்" என்று மட்டும் சொன்னார்.

வாசித்தேன். டேங்கி வரிசைகளின் கணக்கை வாசித்தேன். பிறகு: "தெளிகருவி தோட்டத்துக்குரியது. களைநாசினிக்குப் பயன்பட்டது. அதை என் தகப்பனார், எனக்கு உதவியாக, கேட்காமல் கொண்டுவந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதன் பக்கத்தில் எழுத்து இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். நான் வாசிக்கவில்லை. நட்டத்துக்குத் திணைக்களம் ஈடு தராது என்பதையும் நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டேன்."

அப்பா திரும்பி இறங்கிப் போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

சுப்பையா அண்ணன் எழுந்தார். பேசுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் மேரியக்காவின் பாத்திக்குள் இறங்கி, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாக நடந்தார். நாலாவது டேங்கி அடித்த இடத்தில் குந்தி, ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தார். நான் கற்றுக்கொடுத்தபடி அடி இலையிலிருந்து மேலே. நேரமெடுத்தது. பிறகு பாதைக்குப் போய் வேன்காரரிடம் என்னவோ சொன்னார். வேன் உடனே போகவில்லை. ஐந்து பேர் போய் வாங்கினார்கள். ஆறு பேர் வாங்கவில்லை. அந்த ஆறில் சுப்பையா அண்ணன் ஒருவர்.

செய்தி அன்றைக்கே தோட்டத்துக்குப் போயிற்று. மறுநாள் பெரட்டில், எல்லாரையும் வேலைக்குப் பிரிக்கும் இடத்தில், அப்பாவை ஒதுக்கி நிறுத்தினார்கள். அலுவலகத்துக்கு என்னையும் முந்திக்கொண்டு மேரியக்கா போயிருந்தார். தோட்ட நிர்வாகி பெரிய துரைக்கு முன்னால் அவர் சொன்னதை அங்கிருந்த ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார்: "தொரைங்களே, டேங்கி முழுசா உங்ககிட்ட வந்துருச்சு. போனது ஏம் போஞ்சி. பறிகுடுத்த நானே அந்த மனுசன மன்னிச்சிட்டேன். நல்லா இருக்கிற டேங்கிக்கு நீங்க எதுக்குங்க அழுவுறீங்க?"

பேர் வெட்டவில்லை. ஆனால் இரண்டு கிழமை வேலை கொடுக்காமல் நிறுத்தி, அதற்குப் பிறகு மருந்து வேலையிலிருந்து எடுத்து, பெண்களோடு கையால் புல் பறிக்கப் போட்டார்கள். அப்பாவுக்கு அது பெரிய அவமானம். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். வகுப்புக்கு வரவில்லை. எனக்குத் திணைக்களத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதில் கையொப்பமிட்டவர் தில்லையம்பலம் சேர்தான். அதே உறைக்குள் புதுப் படிவம் ஒன்றும் இருந்தது, அவர் கையால் கோடு போட்டது. ஒன்பதாவது கேள்வி முதல் தடவையாக அதில்தான் வந்தது.

அந்தப் பருவம் மேரியக்காவுக்கு மேல் பாத்திகள் போயின. கீழ்ப் பாத்திகள் காய்த்தன. ஆறு பேரும் கடைசிவரை கடை மருந்து அடிக்கவில்லை. மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் அடுத்த பருவம் வந்து சாக்கில் குந்தினார்கள். இரண்டு பேர் வரவே இல்லை, இன்றுவரை.

குழுவுக்குப் புது டேங்கி வந்த நாளில் அப்பா மேலே வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு. டேங்கியைச் சுற்றி நான் மஞ்சள் பட்டை அடித்து, அதன்மேல் எழுதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"மரக்கறிக்கு மட்டும்னு எழுதியிருக்குப்பா."

எழுத்தின்மேல் விரல் வைக்காமல், காய்ந்துவிட்டதா என்று பக்கத்தில் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்கும் கேட்டிருக்கணும் நானு" என்றார்.

கேட்காமலே வாசித்திருக்க வேண்டியவள் நான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் டேங்கியைத் தூக்கி முதுகில் மாட்டி, வார் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அதனால், பிள்ளைகளே, படிவத்தை ஒரு பக்கமாக்குங்கள். நாலாவது கேள்வியும் ஏழாவதும் ஒன்றுதான், அதில் ஒன்றை எடுங்கள். ஒன்பதை அப்படியே வைத்திருங்கள். பழைய கோப்பில் முதல் படிவத்தைத் தேடிப் பாருங்கள். அந்தப் பருவத்துக்காகப் பின்னோக்கி நான் நிரப்பியது. தெளிகருவி யாருடையது என்ற கேள்விக்கு நேரே "தோட்டத்துக்குரியது. கொண்டுவந்தவர் என் அப்பா. வாசிக்காதவள் நான்" என்று இருக்கும். அந்த ஒரு படிவத்தில் மட்டும் பென்சில் தடமே இருக்காது. நேரே பேனாவால் எழுதினேன். சேர் பார்த்துவிட்டு, கீழே கையொப்பமிட்டார்.